பதினொன்றரை லிட்டரில் பத்து நாள் அடங்காது

ஜான் மியூர் பாதைக்குத் தயாராகிறவர்கள் முதலில் கவலைப்படுவது முழங்காலுக்காக. அடுத்து கரடி. சாப்பாடு மூன்றாவதாகத்தான் வரும், அதுவும் "வழியில் எங்கேயாவது கடை இருக்குமா?" என்ற ஒற்றைக் கேள்வியாக. என்னைக் கேட்டால் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பது, எந்தக் கணவாயை எந்தக் காலையில் தாண்டுவது, எங்கே ஒரு நாள் உட்கார்ந்து காலை ஆற்றிக்கொள்வது என்பதையெல்லாம் கடைசியில் தீர்மானிப்பது முதுகில் இருக்கும் சாப்பாடு. அதிலும் அதன் எடையைவிட, அது அடைத்துக்கொள்ளும் இடம்.

பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், யோசெமிட்டி பள்ளத்தாக்கின் ஹேப்பி ஐல்ஸில் சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. தெற்கே 340 கி.மீ. போய், 4,421 மீட்டர் உயர விட்னி சிகரத்தில் முடிகிறது. சிகரத்தில் முடிகிற பாதை என்பதால், கீழே சாலை வந்து சேரும் இடமான விட்னி போர்ட்டலுக்கு இறங்க இன்னும் 17 கி.மீ. நடக்க வேண்டும். 1915-ல் போடத் தொடங்கி 1938-ல் முடித்தார்கள். பெரும்பாலானோர் வடக்கிலிருந்து தெற்கே நடக்கிறார்கள். அதுவே நல்லது: உயரம் மெல்ல மெல்லக் கூடும், உடம்பு பழகிக்கொள்ளும், 4,009 மீட்டர் ஃபாரெஸ்டர் கணவாய் வரும்போது இரண்டு வாரம் நடந்த கால் இருக்கும். சராசரி நடையாளருக்கு 18 முதல் 22 நாள்.

இந்தத் தூரத்தில் பாதையைக் குறுக்கே வெட்டும் பெரிய சாலை ஒன்றே ஒன்று, டியோலம்னி மெடோஸில் இருக்கும் டியோகா சாலை. ரெட்ஸ் மெடோவில் இன்னொரு சாலை பாதையின் ஓரம்வரை வந்து நின்றுவிடுகிறது. அதன்பிறகு விட்னி போர்ட்டல்வரை சாலையே கிடையாது. ஊருக்குப் போக வேண்டுமானால் பாதையை விட்டு விலகி, ஒரு கணவாய் ஏறி, மறுபக்கம் இறங்க வேண்டும். சாப்பாட்டுக் கணக்கு சிக்கலாவது இதனால்தான்.

நிறுத்தங்களைத் தெற்கு நோக்கி வரிசையாகப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து டியோலம்னி மெடோஸ் சுமார் 38 கி.மீ. அங்கிருந்து ரெட்ஸ் மெடோ சுமார் 58. அங்கிருந்து எடிசன் ஏரிக்கரை வெர்மிலியன் வேலி ரிசார்ட்டுக்குப் பிரியும் இடம் சுமார் 45. அங்கிருந்து, நடையாளர்களின் பார்சலை வாங்கி வைத்துத் தரும் தங்குமிடமான மியூர் டிரெயில் ராஞ்ச் சுமார் 32. இதுவரை கவலையில்லை, எந்த இடைவெளியும் மூன்று நான்கு நாளைத் தாண்டாது. ராஞ்சிலிருந்து விட்னி போர்ட்டலுக்கோ ஏறக்குறைய 180 கி.மீ. நடுவில் மியூர், மேத்தர், பின்ஷோ, க்ளென், ஃபாரெஸ்டர் என்று ஐந்து பெருங்கணவாய்கள். மேலே சொன்ன நான்கு துண்டுகளையும் கூட்டினால் வருவதைவிட ஒரே ஒரு துண்டு நீளம். அட்டவணை போடுகிறவர்கள் இந்தக் கடைசித் துண்டிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். முன்னிருந்து போட்டால், முதல் வாரத்தில் தேவையில்லாத நிறுத்தங்களில் பார்சல் குவியும். கடைசியில் டப்பாவுக்குள் இடம் இருக்காது.

டப்பா என்று நான் சொல்வது பேர் கேனிஸ்டரை. கரடியால் திறக்க முடியாத, கெட்டிப் பிளாஸ்டிக் உருளை. யோசெமிட்டியின் வனப்பகுதி முழுக்க இது கட்டாயம். தெற்கே கிங்ஸ் கேன்யன், இன்யோ பகுதிகளிலும் பாதையின் பல நீளங்களில் கட்டாயம். சாப்பாட்டைக் கயிற்றில் கட்டி மரத்தில் தொங்கவிடுவது இங்கே செல்லாது. யோசெமிட்டியின் கரடிகள் கயிற்றைக் கடித்து இறக்கப் பழகி எத்தனையோ காலமாகிறது. கெட்டித் துணியில் நெய்த பைகளையும் யோசெமிட்டியில் ஏற்பதில்லை. அதிகம் காணக்கிடைக்கும் பேர்வால்ட் 500-ன் கொள்ளளவு 11.5 லிட்டர், எடை சுமார் 1.15 கிலோ. அதன் தம்பி 450 வெறும் 7.2 லிட்டர். சிறியதை வாங்கி எடை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் ராஞ்சில் நின்று கையைப் பிசைவார்கள்.

இனி கணக்கு. மலையில் நாள் முழுக்கச் சுமையோடு நடக்கும் ஒருவருக்கு 3,000 முதல் 4,000 கலோரி வேண்டும். நடுவில் 3,500 என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த, எண்ணெய்ச்சத்து மிகுந்த சாமான்களாகப் பொறுக்கினால் கிராமுக்குச் சராசரி 4.4 கலோரி வரும். ஆக ஒரு நாளுக்கு 800 கிராம். காற்றை வெளியேற்றி ஒழுங்காக அடுக்கினால் அது 1.5 லிட்டர் இடம் பிடிக்கும். கெட்டியான சாமானாகவே எடுத்தால் 1.3-க்கு இறக்கலாம். பற்பசை, வெயில் களிம்பு, உதட்டு மெழுகு, குப்பை ஆகிய வாசனையுள்ள எல்லாமும் இரவில் டப்பாவுக்குள்ளேதான். அதற்கு ஒரு லிட்டர் ஒதுக்குங்கள். மிச்சம் பத்தரை லிட்டர். வகுத்துப் பார்த்தால் ஏழு நாள்.

நாளுக்கு 18 முதல் 20 கி.மீ. என்றால் அந்த 180 கி.மீ.க்கு ஒன்பது பத்து நாள் ஆகும். பத்து நாள் சாப்பாடு எட்டு கிலோ, 15 லிட்டர். எட்டு கிலோவைத் திடமான முதுகு தாங்கிவிடும். 15 லிட்டரை 11.5 லிட்டர் டப்பா தாங்காது. பேராசையோ சோம்பலோ இதில் இல்லை, வெறும் கன அளவு.

ஒரு சிறு சலுகை உண்டு. டப்பா கட்டாயமாவது நீங்கள் சாப்பாட்டைக் கண்காணிக்காத நேரத்தில், முக்கியமாக இரவில். கிளம்பும் அன்று சாப்பிடப்போகும் மூன்று வேளையும் வெளியே பையில் வரலாம், இரவுக்குள் தீர்ந்துவிடும். ஆகவே ஏழு நாள் பிடிக்கும் டப்பாவோடு எட்டு நாள் போகலாம். வழியில் உட்ஸ் க்ரீக், விடெட் மெடோ போன்ற சில முகாம்களில் இரும்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். வழிந்த சாமானை அங்கே வைக்கலாம். ஆனால் அந்தப் பெட்டிகளை நம்பி அட்டவணை போட்டால் முகாம்களை அவைதான் தேர்ந்தெடுக்கும். தவிர, ராஞ்சிலிருந்து கிளம்பிய முதல் சில இரவுகளில்தான் வழிந்த சாமான் இருக்கும். அந்தப் பெட்டிகள் இருப்பதோ அதைத் தாண்டித் தெற்கே வெகுதூரத்தில்.

இன்னொன்று, பசியின் போக்கு. உயரத்துக்கு வந்த முதல் நான்கைந்து நாள் பலருக்குச் சாப்பாடு இறங்காது. நாளுக்கு 600, 650 கிராமே அதிகம் என்றிருக்கும். பத்தாவது நாள் வாக்கில் பசி திடீரென்று விழித்துக்கொள்ளும். அதன்பிறகு 900 கிராம் போட்டாலும் போதவில்லை என்றிருக்கும். அந்தப் பசி வரும் இடமும் டப்பா பற்றாத இடமும் ஒன்றாக அமைந்ததுதான் இந்தப் பாதையின் கெட்ட பொருத்தம். முதல் துண்டுக்கும் கடைசித் துண்டுக்கும் ஒரே அளவில் பொட்டலம் கட்டுவது புதிதாக நடப்பவர்கள் செய்யும் தவறுகளில் முதன்மையானது. டியோலம்னியில் பாதியைத் தானம் செய்துவிட்டு, பின்ஷோ ஏறும்போது அதை நினைத்து ஏங்குவார்கள்.

சரி, 180 கி.மீ. துண்டை எப்படித்தான் கடப்பது? நான்கு வழி உண்டு.

நாளுக்கு 25 கி.மீ. நடப்பது ஒன்று. ஏழரை நாளில் முடியும், ஒரு டப்பா போதும். தினம் ஒரு கணவாய் ஏறி இறங்கும் நிலத்தில் இது பயிற்சியுள்ள காலுக்கு மட்டும். தாமதமாகும் ஒரு நாளுக்கும் இதில் இடமில்லை. இரண்டாவது, இரண்டு டப்பா சுமப்பது. காலி டப்பாவைக் கடைசிவரை தூக்கித் திரிய வேண்டும். இருவராகப் போனாலும் ஆளுக்கொரு டப்பாதான் என்பதால் கணக்கு மாறாது. மூன்றாவது, ல கான்ட் பள்ளத்தாக்கிலிருந்து பிஷப் கணவாய் வழியாக சவுத் லேக்குக்கு இறங்கி பிஷப் நகரம் போவது. ஒரு வழிக்கே சுமார் 20 கி.மீ. அருமையான நிலம், அருமையான ஊர். ஆனால் ராஞ்சை விட்டு மூன்று நாளில் வந்துவிடும் பிரிவு அது. அங்கே நிரப்பினாலும் முன்னே ஆறேழு நாள் மிச்சமிருக்கும். ராஞ்சையே தவிர்த்துவிட்டு, வெர்மிலியனிலிருந்து நேரே பிஷப் என்று போடுகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தும்.

நான்காவது கியர்சார்ஜ் கணவாய். பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். ராஞ்சிலிருந்து சுமார் 117 கி.மீ.யில், க்ளென் கணவாயைத் தாண்டி இறங்கும்போது, ஷார்லெட் ஏரிக்கு மேலே பாதை பிரிகிறது. கிழக்கே ஏறினால் சுமார் 3,600 மீட்டரில் கியர்சார்ஜ், மறுபக்கம் இறங்கினால் 2,800 மீட்டரில் ஆனியன் வேலி வண்டி நிறுத்துமிடம். ஒரு வழிக்கு 12 கி.மீ. அங்கிருந்து இண்டிபெண்டன்ஸ் ஊர் சாலை வழியே ஏறக்குறைய 21 கி.மீ. அந்தச் சாலையில் பேருந்து கிடையாது. லிஃப்ட் கேட்டுப் போகலாம், அல்லது முன்பே வண்டி பேசி வைக்கலாம். வாரக் கடைசியில் லிஃப்ட் எளிதாகக் கிடைக்கும். செவ்வாய், புதனில் வெயிலில் நிற்க நேரலாம். 117 கி.மீ.க்கு ஆறு நாள், போர்ட்டல்வரை மிச்சமுள்ள 65 கி.மீ. சொச்சத்துக்கு மூன்று நான்கு நாள். இரண்டும் டப்பாவுக்குள் சாவகாசமாக அடங்கும். விலை: போகவர ஒன்றரை நாள், நிரம்பிய பையோடு 800 மீட்டர் ஏற்றம். கொடுக்கத் தகுந்த விலை. இதன் பெரிய ஆதாயம் என் கணக்கில் வேறு: மேத்தர், பின்ஷோ என்ற இரண்டு முரட்டுக் கணவாய்களை மூன்று கிலோ குறைந்த சாப்பாட்டோடு அணுகுவது.

பணம் செலவழிக்கத் தயங்காதவர்கள் கோவேறு கழுதைக்காரர்களிடம் ஏற்பாடு செய்து, கணவாய்க்கு இந்தப் பக்கமே சாமானை வரவழைக்கலாம். குழுவாகப் பகிர்ந்துகொண்டால்தான் கட்டுப்படியாகும்.

எந்த வழியானாலும், அனுமதிச் சீட்டு வாங்கும்போதே நடுவில் ஊருக்கு இறங்கி ஏறப்போவதைச் சொல்லிவிடுங்கள். சாமான் வாங்கப் போய்த் திரும்புவது நடையின் பகுதி. ஊரில் பல நாள் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்து சீட்டு செல்லாமல் போகலாம்.

*

இனி டப்பாவுக்குள் என்ன போகிறது என்று பார்ப்போம்.

கிராமுக்கு எத்தனை கலோரி என்பதோடு லிட்டருக்கு எத்தனை என்பதையும் பார்க்க வேண்டும். ஆலிவ் எண்ணெய் கிராமுக்கு 8.8, இடமும் கொஞ்சம். இரவுச் சாப்பாட்டில் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் 240 கலோரி கூடுகிறது. பீநட் பட்டரும் பாதாம் முந்திரியும் 6 வாக்கில். கூஸ்கூஸ், உடனடி அரிசி, உருளைக்கிழங்கு மாவு எல்லாம் 3.6-ஐச் சுற்றி, எண்ணெயும் பால்பொடியும் சேர்த்தால்தான் சராசரி எட்டும். உருளைச் சிப்ஸ் எடையில் நல்லது, இடத்தில் மோசம். நொறுக்கித் தூளாக்கினால் இரண்டிலும் நல்லது. டார்ட்டியாவை (மெக்சிகோவின் சப்பாத்தி) டப்பாவின் உட்சுவரோடு வளைத்து ஒட்டினாற்போல் வைத்தால் இடமே எடுக்காததுபோல இருக்கும்.

கடையில் விற்கும் உறைஉலர் சாப்பாட்டுப் பொட்டலங்கள் காற்றடைத்த தலையணைகள். அப்படியே வைத்தால் ஆறேழிலேயே டப்பா நிறைந்துவிடும். ஒவ்வொன்றையும் வெட்டி, உறைவிப்பான் ஜிப் பைக்கு மாற்றி, உள்ளே இருக்கும் ஆக்சிஜன் உறிஞ்சியை எடுத்துவிட்டு, காற்றைப் பிதுக்கி மூடுங்கள். எத்தனை மில்லி தண்ணீர், எத்தனை நிமிடம் என்று பையின் மேல் அழியாத மையில் எழுதுங்கள். ஒரே ஒரு மூலப்பொட்டலத்தை மட்டும் வைத்துக்கொண்டால் தினமும் அதிலேயே வெந்நீர் ஊற்றி ஊறவைக்கலாம். நூடுல்ஸை உடைக்கும்போது கவனம்: அதன் முனைகள் மெல்லிய பையைக் குத்திக் கிழிக்கும், மசாலாத்தூள் எல்லாவற்றின் மேலும் படியும். அதற்கு இரட்டைப் பை. எண்ணெயைத் திருகுமூடிப் புட்டியில் ஊற்றி, புட்டியைத் தனிப் பையில் போட்டு, நிமிர்ந்த நிலையில் வையுங்கள். உயரம் கூடக்கூட உள்ளே இருக்கும் காற்று விரிந்து, தட்டுமூடிகள் தாமாகத் திறந்துகொள்ளும்.

அடுக்கும் வரிசை: கடைசி நாளின் சாப்பாடு அடியில், முதல் நாளுடையது மேலே. ஒவ்வொரு அடுக்குக்கும் பிறகு கையால் அழுத்துங்கள். பாதாம், உலர்திராட்சை, மிட்டாய் போன்ற சின்னச் சாமான்களைப் பையில் கட்டி நிறுத்தாமல் இடுக்குகளில் ஓடவிடுங்கள். கடைசியாகப் பற்பசை. பேர்வால்டின் மூடி குளிர்காலையில் விறைத்துப்போகும், விரல் நகம் வலிக்கும். ஒரு பிளாஸ்டிக் அட்டையை மூடிக்கும் தடுப்புக்கும் இடையே செருகித் திருகினால் திறந்துவிடும். இரவில் கூடாரத்திலிருந்து முப்பது மீட்டராவது தள்ளி, சமதரையில் வையுங்கள். பள்ளத்துக்கும் ஓடைக்கும் பக்கத்தில் வேண்டாம். கரடியால் திறக்க முடியாவிட்டாலும் உருட்ட முடியும். டப்பாவில் கயிறு கட்டாதீர்கள், கயிறு இருந்தால் தூக்கிக்கொண்டு போக அதற்குப் பிடி கிடைத்துவிடும்.

அடுப்பு பற்றி. 3,000 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பச்சரிசி, பருப்பு, தடித்த பாஸ்தா ஆகியவை அங்கே எளிதில் வேகாது, கேஸ்தான் தீரும். வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் ஆகிற சாமான் மட்டுமே எடுக்கவேண்டும். அப்படியானால் ஒருவருக்கு நாளுக்கு ஒரு லிட்டர் கொதிக்கவைக்க சுமார் 20 கிராம் கேஸ் ஆகும். 230 கிராம் சிலிண்டர் பத்து நாள் வரும், காற்றில்லாத மறைவில் பற்றவைத்தால். திறந்த காற்றில் அதே சிலிண்டர் ஆறே நாளில் முடிந்துவிடும். உயரமான பகுதிகளில் விறகுத்தீ தடை. வறண்ட கோடையில் கீழேயும் தடை வரும். தேசியக் காடுகளில் கேஸ் அடுப்புக்கும் கலிபோர்னியாவின் தீ அனுமதிச் சீட்டு வேண்டும். அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

*

பார்சல் அனுப்புவதா, ஊரில் வாங்குவதா? எல்லா நிறுத்தத்துக்கும் வீட்டிலிருந்தே கட்டி அனுப்புவது ஒழுங்காகத் தோன்றும். ஆனால் ஜூன் மாதத்தில் பிடித்த சுவை ஆகஸ்டில் பிடிக்காது. ஒரே வகை எனர்ஜி பார் அறுபது வாங்கி வைத்தவர்கள் இருபதாவதில் நிறுத்திவிடுவார்கள். மியூர் டிரெயில் ராஞ்சுக்கு மட்டும் பார்சல் அனுப்பியே ஆக வேண்டும்; அங்கே கடையை நம்பிப் போக முடியாது. ரெட்ஸ் மெடோவுக்குப் பக்கத்து ஊரான மம்மத் லேக்ஸிலும் பிஷப்பிலும் பெரிய மளிகைக் கடைகள் இருக்கின்றன, அங்கே வாங்குவது மேல். இண்டிபெண்டன்ஸ் சின்ன ஊர். நான்கு நாளுக்கான சாமான் என்றாலும் பார்சலாக அனுப்பிவிடுங்கள்.

ராஞ்சுக்கு அனுப்புவது தனிக் கலை. அட்டைப்பெட்டி கூடாது, எலி தின்றுவிடும். மூடியோடு கூடிய 5 கேலன் பிளாஸ்டிக் வாளி, அதாவது 19 லிட்டர். உள்ளே அதிகபட்சம் 25 பவுண்டு, 11 கிலோவுக்குச் சற்றுக் கூட. வாளி அஞ்சலில் வந்து, அங்கிருந்து ஃபிளாரன்ஸ் ஏரியைக் கடந்து, சாலையில்லாத நிலத்தின் வழியே போய்ச் சேர வேண்டும். அதனால் நீங்கள் போய்ச்சேரும் நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே வந்து சேரும்படி அனுப்புங்கள். மூடியை இறுக்கி, சுற்றி டேப் ஒட்டி, பெயரும் வரப்போகும் தேதியும் மூடியிலும் பக்கவாட்டிலும் பெரிதாக எழுதுங்கள். பக்கவாட்டில் ஏதாவது பளிச்சென்று ஒரு நிறம் அடித்து வைத்தால் நூற்றுக்கணக்கான வெள்ளை வாளிகளில் தேட வேண்டாம். இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது: 19 லிட்டர் வாளியை நிரப்பி அனுப்புவது சுலபம், வாங்கி 11.5 லிட்டர் டப்பாவுக்குள் திணிக்க முடியாது. வீட்டிலேயே டப்பாவில் அடுக்கிப் பார்த்து, மூடி திருகிப் பார்த்து, பிறகுதான் வாளிக்கு மாற்ற வேண்டும். வாளியின் மீதி இடத்தில் ராஞ்சிலேயே சாப்பிட ஒரு வேளை, புது காலுறை, பிளாஸ்டர், மின்கலங்கள். கேஸ் சிலிண்டரைப் போடாதீர்கள். அஞ்சலில் அதற்குத் தனி விதி, விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள்.

நடையாளர்கள் விட்டுச்செல்லும் மிச்சச் சாமான் வாளிகள் அங்கே வரிசையாக இருக்கும். ஓட்ஸ், எலக்ட்ரோலைட் பொடி, பிடிக்காமல் போன பார்கள் நிறையக் கிடைக்கும். பீநட் பட்டரும் சீஸும் வந்த வேகத்தில் மறையும். அந்த வாளிகளைக் கூடுதலாகக் கிடைக்கும் வரவாக வையுங்கள், திட்டமாக வைக்காதீர்கள்.

அஞ்சலகத்துக்கு அனுப்பும்போது ஜெனரல் டெலிவரி முறை, அதாவது நீங்கள் நேரில் வந்து வாங்கும்வரை அஞ்சலகமே வைத்திருப்பது: உங்கள் பெயர், அதன்கீழ் ஜெனரல் டெலிவரி, ஊர், மாநிலம், அஞ்சல் எண். மம்மத் லேக்ஸ் 93546, இண்டிபெண்டன்ஸ் 93526, விட்னி போர்ட்டலுக்குக் கீழே உள்ள லோன் பைன் 93545. வரும் தேதியை ஓரத்தில் எழுதுங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். அதே அட்டையைக் காட்டித்தான் வாங்க முடியும். பொதுவாக 30 நாள் வைத்திருப்பார்கள். இந்த முறை தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: வெள்ளி மாலை ஊருக்குள் நுழைவது. ஞாயிறு திறக்காது, சின்ன ஊரில் சனிக்கிழமையும் உறுதியில்லை, செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறை. மூன்று இரவு வாடகை கொடுத்து ஒரு பெட்டி ஓட்ஸுக்காகக் காத்திருக்க வேண்டிவரும்.

ஊர் நாள் பற்றி ஒரு வார்த்தை. ரெட்ஸ் மெடோவிலிருந்து கோடையில் ஷட்டில் பேருந்து மம்மத் மலைக்குப் போகிறது, அங்கிருந்து ஊருக்குள் இலவசப் பேருந்து. ஆனால் அந்தச் சாலையில் சீரமைப்பு வேலை நடக்கும் ஆண்டுகளில் நேரம் சுருங்கும். கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் இறங்கியதும் முதலில் அஞ்சலகம், ஏனென்றால் அதற்கு மட்டும்தான் மூடும் நேரம் கறாராக உண்டு. பிறகு வயிறார ஒரு சாப்பாடு. அதற்கப்புறம்தான் மளிகை. வெறும் வயிற்றோடு கடைக்குள் போனால் டப்பாவில் அடங்காததெல்லாம் கூடையில் ஏறும். துணி துவைக்கும் நேரத்தில் சாமானைப் பிரித்துக் கட்டுங்கள். பவர் பேங்க் 10,000 mAh அளவுள்ளது என்றால் சாதாரண சார்ஜரில் இரவு முழுக்க ஆகும். வேகமாக ஏற்றும் இரட்டை முனைச் சார்ஜர் ஒன்று தன் எடைக்கு மேல் உழைக்கும். காலையில் வந்து மாலையில் திரும்பினால் ஊர் களைப்பாற்றும். இரண்டாவது இரவு தங்கினால் கால் இறுகிவிடும், கணக்கில் வைத்திருந்த நாள் ஒன்றும் போகும். புண்ணோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் இரண்டாவது இரவுக்கு நியாயம் உண்டு.

வெர்மிலியனுக்கு எடிசன் ஏரியில் படகு ஓடும், ஏரியில் தண்ணீர் இருந்தால். மழை குறைந்த ஆண்டுகளில் மட்டம் இறங்கிப் படகு நின்றுவிடும். கரையோரமாகப் பத்து கி.மீ. சுற்ற வேண்டும். அந்தத் தூரத்தைக் கணக்கில் சேர்த்தால், பல ஆண்டுகளில் ரெட்ஸ் மெடோவிலிருந்து நேரே ராஞ்சுக்கு நான்கு நாளில் போய்விடுவதே சிக்கனம்.

*

மலை இந்தக் கணக்கைக் கலைக்கும் விதங்கள் சில உண்டு.

பனி. 2023-ல் அவ்வளவு பனி விழுந்து, டியோகா சாலை ஜூலை 22-ல்தான் திறந்தது. அதுவரை டியோலம்னிக்குச் சாமான் போக வழியே இல்லை. அப்படிப்பட்ட ஆண்டில் கணவாய்களின் வடசரிவுகளில் ஜூலை நடுவிலும் பனி கிடக்கும், நாளுக்கு 12 கி.மீ. நடந்தால் பெரிது. அதே சாப்பாடு, பாதி தூரம். ஏப்ரல் முதல் தேதி வாக்கில் எடுக்கும் பனி அளவைப் பார்த்துவிட்டு, பனி மிகுந்த ஆண்டு என்று தெரிந்தால் புறப்பாட்டைத் தள்ளிப்போடுவதே உத்தமம். சீட்டு அதற்கு இடம் கொடுக்காவிட்டால் நாளுக்கான தூரத்தைக் குறைத்து, நிறுத்தங்களைக் கூட்ட வேண்டும்.

ஆறு. பேர் க்ரீக்கும் எவல்யூஷன் க்ரீக்கும் ஜூன், ஜூலையில் ஆள் விழுங்கும். பனி பகலில் உருகி, தண்ணீர் மாலையில் உச்சத்துக்கு வரும், விடியலில் குறைந்திருக்கும். மாலை நான்கு மணிக்குக் கரையில் நிற்க நேர்ந்தால் அங்கேயே தங்கி விடியலில் கடக்க வேண்டும். அதற்குத் துணிவு தருவது பையில் இருக்கும் ஒரு நாள் உபரிச் சாப்பாடு. உபரி இல்லாதவர்கள் மாலையிலேயே இறங்குகிறார்கள். கடக்கும்போது இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட்டு, நீர் அகன்று பரவும் இடமாகப் பார்த்து, ஊன்றுகோல் இரண்டும் ஊன்றி, ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நகர வேண்டும்.

இடி. ஜூலை, ஆகஸ்ட் பிற்பகல்களில் கணவாய்களின் மேல் இடிமேகம் கட்டும். நண்பகலுக்கு முன் கணவாயைத் தாண்டி, மரங்கள் இருக்கும் உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும். அதனால் காலைச் சாப்பாடு அடுப்பு மூட்டாமல் ஆகிறதாக இருப்பது நல்லது. இரவே ஊறவைத்த ஓட்ஸும் பால்பொடியும் போதும், அரை மணி நேரம் மிச்சம்.

தீ. 2020 செப்டம்பர் தொடக்கத்தில் க்ரீக் ஃபயர் கிளம்பியபோது மலையின் மேற்குப் பக்கமே காலியானது. 2021 ஆகஸ்ட் கடைசியில் கலிபோர்னியாவின் தேசியக் காடுகளை மொத்தமாக மூடினார்கள். ஆகஸ்ட் பாதிக்கு மேல் நடப்பவர்கள், ஒவ்வொரு துண்டிலும் கிழக்குப் பக்கம் 395-ம் நெடுஞ்சாலைக்கு இறங்கும் கணவாய் எது என்பதைக் காகித வரைபடத்தில் குறித்து வைத்திருக்க வேண்டும். ரெட்ஸ் மெடோவுக்குத் தெற்கே அலைபேசி சிக்னலை நம்ப முடியாது; செயற்கைக்கோள் தகவல் கருவி இல்லாமல் செப்டம்பரில் போகவே வேண்டாம் என்பேன்.

குளிர் இரவில் ஒரு சின்ன விஷயம் பெரிய நாசம் செய்யும்: நீர் வடிகட்டி. உள்ளிருக்கும் மெல்லிய இழைகள் ஈரத்தோடு உறைந்தால் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. 3,300 மீட்டருக்கு மேல் படுக்கும் இரவுகளில் அதை ஜிப் பையில் போட்டுத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றாகக் குளோரின் மாத்திரைகள் பத்துப் பன்னிரண்டு எப்போதும் இருக்கட்டும்.

கடைசி இரவு பெரும்பாலோருக்கு கிட்டார் ஏரி. அங்கே டப்பாவில் ஓர் இரவுச் சாப்பாடு, ஒரு காலைச் சாப்பாடு, மறுநாள் பகலுக்கு நடந்துகொண்டே கொறிக்க 1,500 கலோரி, எல்லாவற்றுக்கும் மேல் ஓர் உபரி வேளை இருந்தால் கணக்கு சரியாக வந்தது என்று அர்த்தம். சிகரத்துக்கு மூன்று கி.மீ. முன்னால் பாதை பிரியும் இடத்தில் எல்லோரும் பையை வைத்துவிட்டு ஏறுவார்கள். அங்கே உள்ள மர்மட்டுகள் (அணில் இனத்துப் பெரிய கொறிவிலங்கு) வியர்வை உப்புக்காகத் தோள்பட்டையையே கடித்துத் தின்னும். டப்பாவை வெளியே எடுத்து வைத்து, பையின் ஜிப்புகளைத் திறந்தே விட்டு, ஊன்றுகோல்களின் கைப்பிடியைக் கல்லின்மேல் உயரமாகச் சாய்த்து வையுங்கள். போர்ட்டல் பக்கம் இறங்கும் பகுதியில் மலத்தைப் பையில் எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும். அந்தப் பையும் அதுவரை சேர்ந்த குப்பையும் காலியான டப்பாவுக்குள் அடங்கிவிடும்.